அரைக் கிலோ

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 18 ஆண்டுகள் எடைக் கணக்கு எழுதினேன். 2010-ல் மஞ்சள் விலை கிடுகிடுவென ஏறியது. குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய நாட்களும் உண்டு. அப்போதுதான் மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்து எழுதப் பழகினேன். எனக்கும் அதில் பங்கு வந்தது. சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதை விட்டுவிடுகிறேன். எழுதிய கை என்னுடையது.

மஞ்சள் பத்து மாதப் பயிர். வெட்டிய பிறகும் வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றித்தான் மண்டிக்குக் கொண்டுவர வேண்டும். சிவகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முதல் மூட்டை தராசில் ஏறும்போது “சிவசிவா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். எடையைப் பார்க்கவே மாட்டார். அவ்வளவு நம்பிக்கை. அவருடைய 32 மூட்டைகளிலும் குறைத்தேன்.

பிறகு கொடுமுடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அமாவாசை தவறாமல் காவிரியில் முழுகி மகுடேசுவரரைக் கும்பிட்டு வந்தவன் நான். கடவுள் இல்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இருக்கிறார் என்பதால்தான் போகவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? திருநீறு பூசுவதும் நின்றது. மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

ஒருநாள் கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்தன. ஒரு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தேன். கண்ணெல்லாம் மஞ்சள் தூசி. யாரோ “நமச்சிவாய, நமச்சிவாய” என்று சொல்வது கேட்டது. சற்று நேரம் கழித்துத்தான் அது என் குரல் என்று தெரிந்தது.

அந்த வாரமே கொடுமுடிக்குப் போனேன். “நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே” என்று சுந்தரர் அந்தத் தலத்தில்தான் பாடினார். சிறுவயதிலிருந்து நான் பாடிய வரி. அன்று சன்னிதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தச் சுந்தரரே மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று செய்துகொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்தவர். அழுது வேண்டியவருக்கு வெண்பாக்கத்தில் முதலில் கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொரு கண். எனக்கு ஊன்றுகோலாகக் கிடைத்தது பழைய எடை நோட்டு.

கூட்டிப் பார்த்தேன். பெரியவர் கணக்கில் மட்டும் 16 கிலோ, 2,400 ரூபாய். பணத்தோடு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடி கேட்டார். விரலில் எச்சில் தொட்டு, ரூபாய் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று அவர் திருப்பித் தந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. “வெயிலில் வந்திருக்கிறாய் கண்ணு, சாப்பிட்டுவிட்டுப் போ” என்றவர், இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

நோட்டில் இன்னும் 11 பெயர்கள் இருந்தன. நான்கு பேரை இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போடச் சிலர் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை, அது சாமியின் பணம் அல்ல. பெயர் எழுதி, நான்கு உறைகளில் வைத்திருக்கிறேன்.