மணிக்கணக்கு பார்க்காத ஸ்டுடியோ

வடசென்னையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் மாடியைத்தான் தேடுவார்கள். வாடகை குறைவு, தெருச் சத்தம் கொஞ்சம் தள்ளி நிற்கும், மழைக்குத் தண்ணீர் ஏறாது. புதுவண்ணாரப்பேட்டையில் தரைத்தளத்தில் கிடந்த ஒரு பழைய குடோனை நாங்கள் பிடித்தபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மூன்றுமே நியாயமான காரணங்கள். ஆனால் மாற்றுத்திறனாளிகளும் வந்து பாடுகிற ஸ்டுடியோதான் எங்களுக்கு வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பாடகரை நாலு பேர் தூக்கி மாடி ஏற்றினால், மைக் முன்னால் போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் பாதிப் பாட்டு போய்விடும். தூக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், மறுபடி இறக்க வேண்டுமே என்று யோசிக்க வேண்டும், நடுவில் பாடவும் வேண்டும். அதனால் தரைத்தளம் என்பதில் மட்டும் நாங்கள் இறங்கி வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர்கள் பயந்தது நடந்தது. தண்ணீர் உள்ளே வந்து தளத்துக்கு அடியில் இருந்த ப்ளைவுட் முழுக்க ஊறிப்போனது. பிரித்துப் போட்டுவிட்டு சிமென்ட் போர்டு வைத்துத் திரும்பக் கட்டினோம். அப்போதுதான் பிளக் பாயிண்டுகள், மைக் சாக்கெட்டுகள் எல்லாவற்றையும் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு ஏற்றினோம். வெள்ளத்துக்காகச் செய்த வேலை. ஆனால் உட்கார்ந்த நிலையில் கை எட்டுகிற உயரமும் அதுதான். இப்போது சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் ஹெட்போனைக் குனியாமல் தானே மாட்டிக்கொள்கிறார்.

சத்தம் புகாத அறைக்கும் சக்கர நாற்காலிக்கும் இயல்பாகவே ஒத்துவராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல் தரை வழியாகவே வரும். அதைத் தடுக்க ரப்பர் கட்டைகளின் மேல் இன்னொரு தளம் போட்டால் தரை 4 அங்குலம் உயர்ந்துவிடும். 1-க்கு 12 என்ற சரிவுக் கணக்குப்படி அதற்கு 4 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாசலிலேயே 4 அடி போனால் வரவேற்பறை என்று ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சவில்லை, இருக்கட்டும். கதவு அடுத்த சிக்கல். ஸ்டுடியோ கதவுக்கு அடியில் நிலைப்படி மாதிரி ஒரு மேடு இருக்கும், கதவு அதில் அழுந்தித்தான் சத்தத்தை நிறுத்தும். சக்கரம் அதில்தான் இடிக்கும், ஊன்றுகோலும் அதில்தான் தடுக்கும். கதவு சாத்தும்போது மட்டும் அடியிலிருந்து தானாக இறங்கும் ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் தரை சமமாகிவிட்டது.

கழிவறைக்குத்தான் நினைத்ததைவிட அதிகம் செலவானது. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. போகிற இடத்தில் தனக்கேற்ற கழிவறை இருக்காது என்று தெரிந்தவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். பெண்கள் இன்னும் கூடுதலாக. வறண்ட தொண்டையோடு மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் கிறீச்சிடும். அதைக் கேட்டுவிட்டு, "பயிற்சி போதாது" என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். இங்கே வந்தவுடன் முதலில் கழிவறையைக் காட்டிவிடுகிறோம். அப்புறம் வெந்நீர்.

இதெல்லாம் காசு இருந்தால் முடிகிற வேலை. பத்து வேலைகளுக்குப் பிறகு எனக்குப் புரிந்தது, ஸ்டுடியோவில் ஏறவே முடியாத படி மணிக்கணக்கு வாடகைதான். மணிக்கு இவ்வளவு, அரை நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்பதுதான் தொழில் வழக்கம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் நாற்காலியைச் சரியான இடத்தில் நிறுத்தி, கழுத்தைத் தளர்த்தி, மூச்சைச் சீராக்கிக்கொள்ளும் நேரத்தில் அந்த மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். திக்குவாய் உள்ளவர்கள் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. ஆனால் இரண்டு டேக்குகளுக்கு நடுவில், "என் குரல் ஹெட்போனில் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லத்தான் அவர்களுக்கு நேரம் வேண்டும். கடிகாரம் ஓடுகிற இடத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். "போதும்ணா, இதையே வெச்சுக்கலாம்" என்று முடித்துக்கொள்வார்கள். பல வருடம் வேறு இடங்களில் வேலை பார்த்தபோது அந்த "போதும்ணா"வை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். போதாது என்று பாடியவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் இங்கே பாட்டுக்கு ஒரு தொகை. எவ்வளவு நேரம் ஆனாலும் அதே தொகை. ஒரு நாளில் முடியாவிட்டால் இன்னொரு நாள். இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரக் குரல்களும் கட்சிப் பாட்டுகளும் முழு விலையில் வருகின்றன, அவைதான் வாடகையையும் கரண்ட் பில்லையும் கட்டுகின்றன. கையைக் கடிக்கிற மாதங்களும் இருக்கின்றன. ஆனால் அவசரம் போனபிறகு எல்லாருடைய பாட்டுமே மாறிவிட்டது, உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்களின் பாட்டு உட்பட.

எங்கள் ரெக்கார்டிஸ்டுக்குக் கண் பார்வை கிடையாது. அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இடது காதில் சின்ன இயர்போன். அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் பேசிக்கொண்டே இருக்கும். 2006-ல் பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்தது அது, இன்றுவரை இலவசம். ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் என்ற மென்பொருள், அதைத் திரைவாசிப்பானோடு பேசவைக்க ஓசாரா என்ற இணைப்பு. ஒலி அளவு சிவப்பைத் தொட்டால் ஓசாரா காதில் சொல்லிவிடும். மவுஸே தொடாமல் கீபோர்டிலேயே வெட்டி ஒட்டுவார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: திரைவாசிப்பான் பேசுவது பாடகரின் ஹெட்போனுக்குள் போய்விடக் கூடாது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன சவுண்ட் கார்டு வைத்திருக்கிறோம். ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் பிளக்கின் என்ற துணை மென்பொருள்களை வாங்கும்போதும் அவர் பேச்சுதான் கடைசி. அழகழகான குமிழ் படங்களோடு வரும் பல பிளக்கின்களில் திரைவாசிப்பானுக்குப் படிக்க ஒரு எழுத்துகூட இருக்காது. அவற்றை நாங்கள் வாங்குவதில்லை.

பார்வை இல்லாததால் காது கூர்மையாகிவிட்டது என்று வருகிறவர்கள் அவரைப் பாராட்டுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "தினமும் இதே வேலைதான்கா செய்றேன். யார் செஞ்சாலும் வரும்" என்பார். கற்றுத் தேறியதை வரம் என்று சொன்னால் உழைப்பைக் கழித்துவிட்டதாக ஆகிறது. அவர் சொல்வதுதான் சரி.

பாட்டு வரிகளில்தான் எதிர்பாராத தொல்லை வந்தது. பாடலாசிரியர்கள் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். கையால் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதே கதிதான். அதனால் யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறோம். பிரெய்லில் எடுத்துவந்து பாடுகிறவர்களுக்கு வேறொன்று: விரல் தாளில் உரசும் சத்தத்தை நல்ல கண்டென்சர் மைக் விடாமல் பிடித்துவிடும். தாளை மைக்கின் பின்பக்கத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு இறக்கி, அடியில் தடித்த துணி விரித்தால் பெருமளவு குறையும். அதுவும் சரிவராதவர்களுக்கு டாக்பேக்கில், அதாவது வெளியிலிருந்து பாடகரின் ஹெட்போனுக்குள் பேசும் மைக்கில், அடியெடுத்துக் கொடுக்கிறோம். ஒரு வரி பாடி முடிக்கும் முன் அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்கள் காதில் விழும். கொஞ்சம் பழகினால் தடுமாறாமல் போகும்.

அந்த அடியெடுப்பு அதிகம் உதவியது கானாக்காரர்களுக்கு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் மூத்த பாடகர்கள் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாவு வீட்டில் விடிய விடிய பாடுகிறவர்கள், நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுகிறவர்கள், கையில் தாளைக் கொடுத்ததும் வாயடைத்துப் போவார்கள். தாளை எடுத்துவிட்டோம். கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்துவதையும் விட்டுவிட்டோம். எதிரில் டோலக், சுற்றி கை தட்ட நாலு பேர், கையில் சாதாரண டைனமிக் மைக். டோலக் சத்தம் குரல் மைக்கிலும் விழத்தான் செய்யும், விழட்டும். டிக் டிக் என்று ஒரே வேகத்தில் தாளம் காட்டும் மெட்ரோனோமும் கிடையாது, கானாவின் ஓட்டம் பாடுகிறவரின் மூச்சைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும். ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, கானா பாட வேண்டும் என்று எங்களிடம் கேட்டு வரும் சின்னப் பெண்கள் அதிகமாகியிருக்கிறார்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் அறையில் அவர்கள் பாடத் தயங்குவார்கள் என்பதால் அன்றைக்கு யார் உள்ளே இருக்கலாம் என்று அவர்களையே சொல்லச் சொல்கிறோம்.

காது கேட்கும் கருவி மாட்டிய டோலக் கலைஞர் ஒருவர் வருவார். கருவியின் மேல் ஹெட்போனை அழுத்தினால் விசில் அடிக்கும். நீட்டிப் பிடிக்கும் புல்லாங்குழல் சுரத்தைக் கருவி தன் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், சுரம் நடுங்கிக் கேட்கும். காது கேட்கும் கருவியைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்டிடம் சொல்லி இசைக்கென்று தனி செட்டிங் போட்டுக்கொண்டு வரும்படி சொன்னோம். இங்கே அவர் உட்காரும் பலகைக்கு அடியில் தாழ்ந்த ஒலியை அதிர்வாக மாற்றும் ஒரு பேஸ் ஷேக்கர் இருக்கிறது. தாளம் முதுகெலும்பு வழியாக ஏறும். முதல் தடவை வாசித்துவிட்டு எழுந்து, "இன்னாக்கா இது, பாட்டு கீழ இருந்து வருது!" என்று பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. உதவி செய்ய முன்வருகிறவர்களில் பலர் தன்னம்பிக்கைப் பாட்டு மட்டும்தான் கேட்கிறார்கள். ஊனத்தை வென்றேன், இருளில் ஒளி கண்டேன் என்று பாட வேண்டும், பின்னால் வயலின் அழ வேண்டும், வீடியோவில் சக்கரத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். பாடகர்கள் பாட விரும்புவது காதல் பாட்டு, அம்மா பாட்டு, தெருவில் நடந்த சண்டையைப் பற்றிய கிண்டல் பாட்டு. அவர்கள் விரும்புவதைத்தான் பதிவு செய்வோம் என்று சொன்னதில் சில உதவிகள் நின்றுபோயின. போகட்டும்.

2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு லிஃப்ட் இருப்பதால் தனியாக வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து ஸ்டுடியோ வரை நடைபாதை இன்னும் பைக்குகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் சொந்தம். யாராவது ஒருவர் போய் லிஃப்ட் வாசலில் நின்று கூட்டிவருகிறோம்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பாடிக்கொண்டிருந்த பார்வையற்ற அக்கா ஒருவர், தானே எழுதி மெட்டமைத்த பாட்டை இங்கே பதிவு செய்தார். வெளியிடுவதாகச் சொன்னவர்கள் ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினார்கள். திரைவாசிப்பான் அதைப் படிக்காது, யாராவது காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். எழுத்துவடிவில், தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அவர் தன் போனில் ஒவ்வொரு வரியாகக் கேட்டார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை வெளியீட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது என்பதை நான் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டது, பாட்டின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கிற வரியை. "இதுல எத்தினி வருஷம்னே போடலியே?" காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்றேன். "அஞ்செல்லாம் ஜாஸ்தி, மூணு போடச் சொல்லு" என்றார். மூன்று என்று திருத்தி வந்தபிறகுதான் கையெழுத்துப் போட்டார்.