ஒரே செம்மண், இரண்டு வெளிச்சம்

முழுநிலா அரைநிலாவைப் போல இரண்டு மடங்கு அல்ல, சுமார் 10 மடங்கு வெளிச்சம் தருகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை. முக்கியக் காரணம் நிழல். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்ளும். வெளிச்சம் வரும் திசைக்கும் நாம் பார்க்கும் திசைக்கும் இடையிலான கோணம் விரிய விரிய நிழல்கள் எட்டிப் பார்க்கும், தரை மங்கும். 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்தது. வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து, கேமராவுக்கே தெரியாத பொடிமண்ணின் சொரசொரப்பைக் கணிக்கிறார்கள்.

அதைக் காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் செய்து பார்த்தேன். மேலே டார்ச், கீழே தாம்பாளத்தில் செம்மண், தூரம் மாறாமலிருக்கக் கயிறு கட்டிய போன், அதில் ஒளி அளக்கும் செயலி.

முதல் நாள் அளவு எதுவும் தேறவில்லை. எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே எண். அப்புறம்தான் சுவரைக் கவனித்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. அது டார்ச் வெளிச்சத்தை அறை முழுக்க இறைத்துக்கொண்டிருந்தது. கறுப்புப் போர்வையால் சுவரை மூடி, போனின் சென்சாருக்குக் கறுப்பு சார்ட் தாளில் குழல் செய்து மாட்டினேன்.

"ஏண்டா, மண்ணுக்கா லைட் அடிக்கிறே? மாவுச் சல்லடையத் தொட்டுறாத!" என்றார் அப்பத்தா. வேறு சல்லடை தேடி எடுத்துச் சலித்தேன்.

ஒரே மூட்டை மண்தான். சலித்து நிரவியது 60 பாகையிலும் அவ்வளவாக மங்கவில்லை. கட்டியாகக் கொட்டியதோ ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய நேர்மேலிருந்து பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை! ஒற்றைப் படத்தை வைத்துத் தரையின் தன்மையைச் சொல்லிவிட முடியாது என்று படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. தரையில் பதிக்கும் வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லை வைத்தபோது டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் அதே சாய்வில் மட்டும் பளிச்சென்று ஒரு மின்னல், மற்ற இடங்களில் அடக்கமான நிறம்.

மிச்சமிருப்பது 5 பாகைக்கும் கீழே. அங்கே போனே டார்ச்சை மறைக்கிறது. நடுவில் ஒளி ஊடுருவும் ஒரு கண்ணாடித் துண்டை 45 பாகையில் சாய்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அதில் பட்டுக் கீழே இறங்க விட்டால் போன் நேர்மேலிருந்து பார்க்கலாம். ஆத்தங்குடியில் கல் வார்ப்பதே கண்ணாடி மேல்தான். பட்டறையில் கேட்டதும் ஓரம் உடைந்த துண்டு ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்றிரவு மாட்டப் போகிறேன்.