பிரிவு 23

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு, பக்கம் பிரித்தாயிற்று. தாய்க்காக ம. பேசுகிறாள், மகனுக்காக நான். ர. ரிசர்ச்சர். இரு தரப்புக்குமான மெமோவும் (எழுத்து வாதம்) 14ஆம் தேதிக்குள் போயாக வேண்டும்.

போட்டி வழக்கு இது: ஓர் அம்மா வீட்டை மகன் பேருக்கு எழுதிவிட்டாள். 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று பத்திரத்தில் ஒரு வரி இல்லை. 2007 மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23. பார்த்துக்கொள்ளும் நிபந்தனையோடு கொடுத்த சொத்து என்றால்தான், பார்க்காமல் விட்ட பிறகு பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தே ஆக வேண்டுமா? கேள்வி அவ்வளவுதான். உச்ச நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் சுதேஷ் சிக்காரா தீர்ப்பு என் பக்கம். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மாடியில் ஜூனியர்கள் புதுத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களை உருப்போடுகிறார்கள். "கொலை?" "நூத்தி மூணு!" "மோசடி?" "முந்நூத்திப் பதினெட்டு!" எங்கள் நாக்கில் இன்னும் பழைய சட்டத்தின் 302ம் 420ம்தான். புதுச் சட்டம் வந்த 2024 ஜூலைக்கு அப்புறம் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

பிப்ரவரி 8, சனி

சட்ட உதவி முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் நாலு மேசை, சட்ட உதவி எண் 15100 என்று பெரிதாக எழுதிய பேனர். காலையில் எல்லாம் வழக்கமானவை: பட்டா பெயர் மாற்றம், நின்றுபோன முதியோர் உதவித்தொகை, லாரி மோதிய கேஸில் வராத இழப்பீடு. எழுதி எழுதிக் கை வலித்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு ஓர் ஆச்சி வந்தார். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பத்திரம்.

"இத வாசிச்சுச் சொல்லு தாயி. இதுல எனக்குன்னு ஏதாச்சும் இருக்கா?"

2019இல் பதிவான செட்டில்மெண்ட். 'தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று ஆரம்பிக்கிறது. 'இன்றே சுவாதீனம் ஒப்புவித்துவிட்டபடியால்'. 'எனக்கோ என் பின் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை'. 'இதை எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்'. நான்கு எல்லை வரை சத்தமாக வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஆச்சியின் கைரேகை. சோறு, துணி, மருந்து, தங்க இடம், எதைப் பற்றியும் ஓர் எழுத்து இல்லை.

ஆச்சி உட்காரவே இல்லை. நின்றபடிதான் முழுவதையும் கேட்டார். முன்கட்டை மகன் வாடகைக்கு விட்டுவிட்டான். ஆச்சி பின்னால் சாய்ப்பில் இருக்கிறார். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. "வச்சுப் பாத்துக்கிடுதேம்மான்னு எல்லாரும் இருக்கையிலதான சொன்னான்?"

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல் டீக்கடையில் வைத்துச் சொன்னானாம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் கூட நின்றார்களாம். முதல் சாட்சி இறந்துவிட்டார். இரண்டாவது சாட்சியின் பெயரில் மை பரவியிருக்கிறது. தகப்பன் பெயரும் ஊரும் மட்டும் தெரிகிறது.

மகனுடைய வக்கீல் என்ன பேசுவார் என்பது எனக்கு வரிவரியாகத் தெரியும். மூன்று நாளாக அதைத்தானே டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ராத்திரி பூராவும் திருச்செந்தூருக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம், பச்சை வேட்டியும் பாட்டுமாக. தூங்கவில்லை. யார் அந்த இரண்டாவது சாட்சி?

பிப்ரவரி 12, புதன்

சிக்காரா தீர்ப்பைத் திரும்பவும் வாசித்தேன். போன வாரம் எனக்கு வேண்டிய பத்திகளை மட்டும் மஞ்சள் அடித்து வைத்திருந்தேன். இன்று முழுசாக.

அன்பின் பேரில் பிள்ளைக்குச் சொத்தை எழுதும்போது நிபந்தனை கட்டாயமாகக் கூடவே வருவதில்லை என்கிறார்கள். நிபந்தனை இருந்தது என்று சொல்கிறவர் நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் தாய் கொடுத்த மனுவிலேயே 'பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கொடுத்தேன்' என்ற பேச்சு இல்லை. தோற்றதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். இதைப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து ஊர்மிளா தீட்சித், இந்த வருடம் ஜனவரி 2. உச்ச நீதிமன்றம்தான். வயதானவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அதைத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்த அம்மாவிடம் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஒன்று இருந்தது. ஆச்சியிடம் இருப்பது டீக்கடைப் பேச்சு. நடுவில் 2023இல் நம் உயர் நீதிமன்றத்தின் முகமது தயான் தீர்ப்பு: அன்பும் பிரியமுமே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்கிறது. ஆச்சியின் பத்திரத்தில் அந்த இரண்டும் முதல் வரியிலேயே இருக்கின்றன!

ம.வை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, "இது என் பக்கத்து ஆர்க்யுமென்ட்டுடி, எதுக்கு எனக்குச் சொல்லிக் கொடுக்க?" என்றாள். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து ஆச்சியின் மனுவுக்கு மூன்றாவது பத்தியை எழுதினோம். என்ன சொன்னான், எங்கே வைத்துச் சொன்னான், யார் யார் கேட்டார்கள். மேடம் காலையில் பார்த்துவிட்டு ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மெமோ போயிற்று. ர. விடிய விடிய அடிக்குறிப்பு சரிபார்த்தாள். அவள் ஆறு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எந்தத் தீர்ப்பின் எந்தப் பத்தி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பிரிவு 17. ஆச்சியின் மனு போகிற பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. காசுள்ள பக்கம் பெரிய வக்கீலை இறக்கி வயதானவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்றுதானே அப்படி வைத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் ஆச்சி தானே பேச வேண்டும். அங்கே விசாரிக்கிற உப கலெக்டர் முன்னால் நிற்கவே பயமாக இருக்கிறது என்கிறார். ஆச்சிக்காகப் பராமரிப்பு அலுவலர் ஆஜராகலாம் என்று பிரிவு 18இல் இருக்கிறது. அது சமூக நலத்துறை வழியாகப் போக வேண்டும். ஆச்சிக்குக் காது கேட்கிறது, ஞாபகம் துல்லியம், பேச்சும் தெளிவு. அவரே பேசட்டும் என்று எனக்குப் படுகிறது. ம.வுக்கு அப்படிப் படவில்லை. சண்டை. இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மனு கொடுத்தாயிற்று. பராமரிப்புத் தொகையும் பத்திர ரத்தும் ஒரே மனுவில். மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் சட்டத்தில் உச்சவரம்பு. ஆச்சி கேட்டது 3,000. "அவனுக்கும் புள்ளைங்க இருக்கு."

ரசீதை நாலாக மடித்து பத்திரத்தோடு வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாக் ரவுண்ட், போட்டிக்கு ஒத்திகை. மெஸ்ஸில் பெஞ்சைத் தள்ளிப்போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பிராக்டிஸ் செய்கிற அக்கா நீதிபதியாக போனில். இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னைத் தொடர்ந்து பேச விடவில்லை. "கேள்விக்குப் பதில் சொல்லு, அப்புறம் உன் பேச்சைப் பேசு." ஆங்கிலத்தில் பேசும்போது மூச்சு எங்கே விடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கீழ்க் கோர்ட்டில் தமிழ்தான் மொழி, ஆட்சிமொழிச் சட்டம் 4பி. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அரசியலமைப்பு 348, ஆங்கிலம்தான். அங்கேயும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றத் தீர்மானம் போட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் இந்தி 1950லிருந்தே இருக்கிறது. இதை நினைத்தால் ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

எங்களுக்கு கோட் இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் கட்டிலில் மூன்று கோட் கிடந்தன. ஒன்று இரண்டாம் வருடப் பிள்ளையுடையது, ஒன்று லைப்ரரி அண்ணன் மகளுடையது, மூன்றாவது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. டிக்கெட் காசை மெஸ் அக்கா தலைமையில் வசூலித்திருக்கிறார்கள். பத்து ரூபாய் நோட்டாக ஒரு கட்டு.

அம்மா போனில், "பீடிக்கு இந்த வாரம் இலை குறைச்சலாத்தான் குடுத்தாங்க, எரநூறு அனுப்புதேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அனுப்பிவிட்டாள்.

அறைச் சுவரில் ஜவ்வாது மலை ஸ்ரீபதியின் பத்திரிகைப் படம். பிள்ளை பெற்ற கையோடு தேர்வு எழுதப் போய், 23 வயதில் சிவில் நீதிபதி. போன வருடம் அந்தச் செய்தி வந்த அன்று விடுதி முழுவதும் கேசரி கிண்டினோம். பார்த்தே அறியாத ஒருவருக்காக அத்தனை பேரும் அழுதோம்.

பிப்ரவரி 22, சனி. கோவை

மூட் கோர்ட்டில் இரண்டு ரவுண்டும் முடிந்தன. எட்டுக்குள் வந்துவிட்டோம். கால் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரையிறுதியோடு நின்றுவிட்டோம். நாங்கள் மகன் பக்கம். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் கேட்டார்: நிபந்தனை வாய்மொழியாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறு என்ன வழி? சிக்காராவை மேற்கோள் காட்டினேன், நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருக்கே என்றேன், மனுவில் அது இல்லை என்று பக்க எண் சொன்னேன். சரியான பதில். மதிப்பெண்ணும் வந்தது. எதிரணியில் ஒரு பிள்ளை தாய்க்காகப் பேசியது, ரொம்ப நன்றாக. அது ஜெயித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ம. மட்டும் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

சிறந்த மெமோரியல்: நாங்கள்! மேடைக்கு ர.வைத் தனியாக அனுப்பினோம். கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கைப் பார்த்தாள், பேசாமல் இறங்கி வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்த பிறகு, அடிக்குறிப்பு 41இல் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்டேஷனிலிருந்து நேரே வகுப்பு. கேடயம் முதல்வர் அறையில். ஜூனியர்கள் ர.வைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்கள். அடுத்த வருட அணிக்கு இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் தமிழ் மீடியம்.

மார்ச் 3, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. விசாரணை 13ஆம் தேதி, 11 மணி.

மார்ச் 5, புதன்

இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டார். ர.தான் கண்டுபிடித்தாள். தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் விசாரித்திருக்கிறாள், வாயே திறக்காதவள். தென்காசிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். போனில், "சொன்னாம்மா, நான் கேட்டேன். ஆனா அவன் எனக்கும் சொந்தக்காரன்லா" என்றார். வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாய்ப்பில் வைத்து ஒத்திகை. நான் உப கலெக்டர், ம. மகன். (பேச ஆரம்பித்துவிட்டோம்.) என் கோவை மெமோவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மகன் பக்கம் என்னவெல்லாம் கேட்க முடியுமோ அத்தனையும் அதில் வரிசையாக இருக்கிறது.

"பத்திரத்துல எழுதலையே?"

"எனக்கு எழுதத் தெரியாது. எழுதுனவன்ட்ட கேளுங்க."

"உங்க இஷ்டப்பட்டுத்தான குடுத்தீங்க?"

"இஷ்டப்பட்டுத்தான் குடுத்தேன். பாத்துக்கிடுவான்னு இஷ்டப்பட்டேன்."

ம. அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நான் கேட்கச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்றாவது சுற்றில் ஆச்சி எங்களை அதட்டத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

சாட்சி போனை எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

வில்லங்கச் சான்றிதழ் இப்போதுதான் ஆன்லைனில் வந்தது. 2019 செட்டில்மெண்டுக்குக் கீழே இன்னொரு பதிவு இருக்கிறது. உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு, வங்கியின் பெயரில், போன ஆகஸ்ட். வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். ஆச்சிக்குத் தெரியாது. வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டுமா, நாளைக்கே வாய்தா கேட்க வேண்டுமா, பராமரிப்பை மட்டுமாவது நாளை நடத்தச் சொல்லலாமா? மேடம் போன் பிஸி. மதுரை அக்கா கோர்ட்டில் இருப்பார், லஞ்சுக்குத்தான் பேசுவார். ர. லைப்ரரிக்கு ஓடியிருக்கிறாள். மெமோவில் மூன்றாவது நபர் உரிமை பற்றி ஒரு பத்தி எழுதினோம், அது எந்தப் பக்கம்