நாலு வருட வேலைக்கு யார் சாட்சி?

சான் ஹோசேயில் ஆறு வருடம் ஒருவரிடம் தச்சு வேலை பார்த்த பிறகுதான் சொந்தமாக கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கும் தைரியம் வந்தது. கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாதவர் சில்லறை வேலை மட்டும்தான் எடுக்கலாம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று ரொம்ப காலம் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது 1,000 டாலர். அதுவும் பெர்மிட் தேவைப்படாத வேலையாக, ஆள் வைக்காமல் செய்வதாக இருக்க வேண்டும். ஒரே பாத்ரூமை மூன்று பில்லாகப் பிரித்துப் போட்டுத் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள், அந்த வழியையும் சட்டத்தில் எழுதியே அடைத்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் கொடுப்பது மாநில கான்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டு. தலைமை அலுவலகம் சாக்ரமென்டோவில். வீடு கட்டுவது, மாற்றிக் கட்டுவது எல்லாம் ‘பி’ வகுப்பு. விண்ணப்பக் கட்டணம் 450 டாலர். படிவத்தை ஒரு சாயங்காலத்தில் நிரப்பிவிட்டேன். ஆனால் அதோடு வைக்க வேண்டிய அனுபவச் சான்றுக்கு இரண்டு மாதம் ஆனது.

கடைசி பத்து வருடத்தில் நாலு வருடம் தேர்ந்த தொழிலாளியாக வேலை பார்த்திருக்க வேண்டும். சித்தாளாகச் சாமான் தூக்கிய காலம் கணக்கில் வராது. அப்படிக் கழித்துப் பார்த்தால் என் ஆறு வருடம் நாலரை ஆனது. அதை நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், பொய் என்றால் அவர் மேல் வழக்கு வரும் என்ற வாசகத்துக்குக் கீழே. முதலாளியிடம் போனேன். “கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நீயே எனக்குப் போட்டியாக வருவாய்” என்று சிரித்தார். சிரித்தாரே தவிர போடவில்லை.

சரி, ஊரில் படித்த சிவில் பட்டம் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் பார்த்தேன். பட்டத்துக்கு மூன்று வருடம் வரை கழித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் மதிப்பீடு செய்து வாங்கித் தர வேண்டும். அப்படியும் மிச்சம் ஒரு வருடமாவது கை வேலை காட்டியாக வேண்டும். அதற்கும் அதே கையெழுத்து! அப்புறம்தான் விதியை முழுசாகப் படித்தேன். முதலாளிதான் போட வேண்டும் என்று இல்லை. மேஸ்திரி, கூட வேலை பார்த்தவர், கட்டட இன்ஸ்பெக்டர் யாரும் போடலாம். எங்கள் மேஸ்திரி மெக்சிகோக்காரர். மதிய இடைவேளையில், பிளைவுட் அடுக்கின் மேல் தாளை வைத்து, எந்தெந்த வீட்டில் நான் ஃபிரேமிங், அதாவது வீட்டின் மரச்சட்டக் கூடு, செய்தேன் என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

வருகிற விண்ணப்பங்களில் குறைந்தது நூற்றுக்கு மூன்றைத் தோண்டித் துருவ வேண்டும் என்று விதி. அந்த மூன்றில் நானும் ஒருவன். சம்பளச் சீட்டு, வருட வரிப் படிவம் எல்லாம் கேட்டுக் கடிதம் வந்தது. எதையும் தூக்கிப் போடாத என் மனைவி ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து வைத்தாள். எல்லாம் அதில் இருந்தது. ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று இன்றும் யோசிப்பேன்.

பின்னணியைச் சரிபார்க்கக் கைரேகையும் கொடுக்க வேண்டும். அதை எடுக்கிற இடத்தில் வேறு கூத்து. சிமென்ட்டும் மணல்தாளும் தேய்த்த விரல்களை இயந்திரம் ஏற்கவே மாட்டேன் என்றது. அங்கிருந்த பெண் லோஷன் கொடுத்து, தடவிக்கொண்டு பத்து நிமிடம் உட்காரச் சொன்னாள். வலது கட்டைவிரல் ஐந்தாவது தடவை விழுந்தது.

தேர்வு இரண்டு: சட்டமும் வணிகமும் ஒன்று, தொழில் ஒன்று. தொழில் தாளில் பயம் இல்லை. சட்டத் தாளைத்தான் ஊர்ப் பழக்கத்தை மறந்து படிக்க வேண்டியிருந்தது. உதாரணமாக, வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். பாதிப் பணம் வாங்கிக்கொண்டு கடப்பாரை எடுக்கும் பேச்சே இல்லை. பாஸானால் மார்க் சொல்வதில்லை, தேறிவிட்டாய் என்பதோடு சரி. ஃபெயிலானவருக்குத்தான் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று விவரம் கிடைக்கும்.

அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் பற்றி, புத்தகத்தைப் பார்த்தே எழுதும் ஒரு சின்னத் தேர்வு, தனி ஆளாக எடுத்தால் 200 டாலர் லைசென்ஸ் கட்டணம், 25,000 டாலர் பாண்ட், அதாவது நம்மால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடு கொடுப்போம் என்று ஒரு கம்பெனி தரும் உத்தரவாதம். இந்த 25,000-ஐப் பார்த்து எனக்கே முதலில் நெஞ்சு அடைத்தது. அவ்வளவும் கட்ட வேண்டியதில்லை. பாண்ட் கம்பெனிக்கு வருடா வருடம் ஒரு சிறு தொகை பிரீமியம் கட்டினால் போதும். ஆனால் அது நமக்கான காப்பீடு இல்லை. நம்மால் நஷ்டப்பட்டவருக்கு அவர்கள் கொடுத்தால், பிறகு நம்மிடம் வசூலிப்பார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு கிடைத்த முதல் வேலை ஒரு தமிழர் வீட்டுச் சமையலறை, 18,000 டாலர். வாசலில் நின்றபடியே போனில் என் லைசென்ஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா உள்ளே கூப்பிட்டார். காபி கொடுத்துவிட்டு, “தம்பி, பாதிப் பணம் இப்பவே வெச்சுக்கோங்க” என்று செக் புத்தகத்தைத் திறந்தார். ஆயிரத்துக்கு மேல் வாங்கக் கூடாதம்மா என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.