'கம்', 'கோ': யார் நிற்கும் இடத்துக்கு?

பிள்ளைகளின் ஆங்கில ரியூசன் கொப்பிகளில் 'கம்' என்றால் வருதல், 'கோ' என்றால் போதல் என்று எழுதி, பேசுபவரை நோக்கி நகர்ந்தால் முன்னது, அவரை விட்டு விலகினால் பின்னது என்று ஒரு விதியையும் சேர்த்திருப்பார்கள். அந்த விதி பாதிதான் சரி.

ரொறன்ரோவில் இருக்கும் மாமி நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணத்துக்கு வரப்போவதைத் தொலைபேசியில் நமக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆவணியில வாறம்" என்பார். ஆங்கிலத்திலும் "வீ ஆர் கமிங்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தாம் நிற்கும் இடத்தை விட்டு விலகுகிறார் என்பதால் கொப்பி விதிப்படி 'கோ' வந்திருக்க வேண்டும். ஆனால் கேட்கும் நாம் யாழ்ப்பாணத்தில் இருப்பதால் 'கம்' வருகிறது. அதே பயணத்தைத் தம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும்போது அவர் 'கோயிங்' என்பார்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் வியப்பில்லை. "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த" என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் கூறுகிறார்; தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்பது பொருள். செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு விட்டுவிடுகிறார். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் குறிப்பெழுதி, 1938இல் சுன்னாகத்தில் வெளிவந்த சேனாவரையப் பதிப்பு (சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை) வீட்டில் இருந்தால், ஆங்கில வகுப்புக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்பது என் எண்ணம். இன்றைய பேச்சுத் தமிழில் தருதலும் கொடுத்தலும் கலந்துவிட்டாலும், வருதலும் போதலும் தம் எல்லையைப் பெரும்பாலும் காத்தே நிற்கின்றன.

1971இல் 'கம்', 'கோ' பற்றி விரிவுரையாற்றிய அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். பேசுபவரோ கேட்பவரோ பேசும் நேரத்தில் அவ்விடத்தில் இருக்கலாம். அல்லது போய்ச் சேரும் நேரத்தில் அங்கே இருக்கலாம். அவர்களுடைய வீடு என்றால், ஆள் இல்லாவிட்டாலும் 'கம்' பொருந்தும். "நேற்று உங்கட வீட்டை வந்தனான், நீங்கள் இல்லை" என்று நாம் சொல்வதில் இந்த மூன்றாவது நிலை அப்படியே இருக்கிறது. எல்லா மொழியும் இப்படியல்ல: உள்ளே இருந்து கூப்பிட்டால் நாம் "வாறன்" என்போம், ஆங்கிலேயர் "கமிங்" என்பார், யப்பானியரோ போதலைக் குறிக்கும் 'இக்கு' என்ற வினையையே ஆள்வார். 'பிறிங்', 'ரேக்' இரண்டும் இதே கணக்கில் கொண்டுவருதலும் கொண்டுபோதலும் ஆகும் என்பதால் அவற்றைத் தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை.

இடத்தை விட்டு நிலைமைக்கு வந்தால் ஒற்றுமை குறைகிறது. பால் கெட்டுப் போவதற்கு ஆங்கிலத்திலும் 'கோ' உண்டு. ஆனால் நமக்குக் காய்ச்சல் வரும், கோபம் வரும், கணக்கு வராது. இவற்றை 'கம்' போட்டு எழுதினால் ஆங்கிலேயருக்கு விளங்காது.

பெரிய இடறல் விடைபெறும்போதுதான். "போறன்" என்பது நம்மிடையே அபசகுனம். கனடாவுக்கே குடிபெயர்பவரும் "போட்டு வாறன்" என்றுதான் படலையைத் தாண்டுவார். அதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்று மாற்றிச் சொல்வது இலங்கை ஆங்கிலத்தில் இயல்பே. இலண்டனில் அப்படிச் சொன்னால், கடைக்குப் போய் உடனே திரும்புவீர்கள் என்று நினைத்து, உங்கள் தேநீரை மூடி வைத்துவிடுவார்கள். அங்கே 'கோ' மட்டும் போதும்; யாருக்கும் கெட்டது நடக்காது.