கோஃபெத்தே: இறங்கக் கூடாத கடல்

மோரோ ஹாப்லே ஊரைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மண்ணும் சரளைக்கல்லும்தான், சுமார் 20 கிலோமீட்டர். ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான ஃபுயெர்தெவெந்தூராவின் தெற்கு வால் பகுதிக்கு ஹாந்தியா என்று பெயர். அதன் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கினால் கோஃபெத்தே கடற்கரை. படத்தில் பார்த்த நாளிலிருந்து அங்கே போய் ஒரு நாள் முழுக்கக் குளிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான், நானும் அதே நினைப்பில்தான் துண்டு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது சின்ன கார். ஒப்பந்தத்தைப் படித்தால், தார் போடாத ரோட்டில் ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நீங்கள் போனாலும் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள், டயர் கிழிந்த பிறகு படித்துப் பயனில்லை. சரி, பஸ்ஸிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். அந்த பஸ்ஸே பார்க்க வேண்டிய ஒன்று. லாரியின் அடிப்பாகத்தின் மேல் பஸ்ஸின் உடலைத் தூக்கி வைத்தது போல இருக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும், ஏறிக் கம்பியைப் பிடித்து உட்காரும்போதே தரை எங்கேயோ கீழே போய்விடுகிறது.

முதல் பாதி பயமில்லை, ஆனால் உடம்பு வலி. ரோடு வரிவரியாக மேடு தட்டிப் போயிருப்பதால் பல்லோடு பல் அடித்துக்கொள்கிறது, பேச்சு பாதியிலேயே உடைகிறது. வெளியே வறண்ட பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஆடுகள் தவிர உயிர் எதுவும் கண்ணில் படவில்லை. இந்த ஹாந்தியா மலைச்சரிவுகளில் முள்ளோடு கொத்துக் கொத்தாக ஒரு செடி வளர்கிறது, உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக வளராதது. பார்த்தவுடன் சப்பாத்திக்கள்ளி இனம் என்று நினைப்போம், ஆனால் அது நம் சதுரக்கள்ளியின் உறவு, கிள்ளினால் அதே பால் வரும். கிள்ளக் கூடாது, பாதுகாக்கப்பட்ட செடி.

பாதி தூரத்தில் ரோடு பிரிகிறது. நேராகப் போனால் தீவின் முனையில் இருக்கும் கலங்கரை விளக்கம், வலப்பக்கம் திரும்பினால் கோஃபெத்தே. திரும்பியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. கணவாயின் உச்சியில் பஸ் ஒரு வளைவு எடுத்தது, அவ்வளவுதான், அதுவரை பேசிக்கொண்டிருந்த எல்லோரும் வாயை மூடிவிட்டோம். கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும், ஒரு கட்டடம்கூட குறுக்கே நிற்காமல் 12 கிலோமீட்டருக்கும் மேல் மணல். அதன் ஓரம் முழுக்க வெள்ளை நுரை. மணலுக்குப் பின்னால் சுவர் போல நிமிர்ந்த மலை, அதன் உச்சியில் மேகம் சிக்கிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அந்த மலைத்தொடரின் உயரமான சிகரம் பிகோ தெ லா சார்சா, 807 மீட்டர், தீவிலேயே உயரமானது அதுதான்.

தெற்குப் பக்கம் சரிந்து சரிந்து இறங்கும் மலை, வடக்குப் பக்கம் மட்டும் ஏன் வெட்டியது போல நிற்கிறது என்ற கேள்விக்குப் புவியியலாளர்கள் சொல்லும் பதில் எனக்குப் பெரிய வியப்பு. இது முழுவதும் ஒரு பழைய எரிமலையாம், அதன் வடபாதி கடலுக்குள் சரிந்து போய்விட்டதாம். அப்படியானால் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தது உடைந்த எரிமலையின் உள்பக்கம்! இறக்கத்தில் ரோடு இன்னும் குறுகியது. எதிரே ஒரு ஜீப் வந்தது, இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. ஜீப்பை ஓட்டியவர் பின்னாலேயே போய் மலையோரம் ஒதுங்கினார், எங்கள் ஓட்டுநர் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டு, வெளிச் சக்கரம் விளிம்பை ஒட்டி உருள, நடக்கும் வேகத்தில் கடந்தார். "என்னங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதீங்க, எனக்கு வயித்தைக் கலக்குது" என்றார் அண்ணி. அண்ணன் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டான்.

கோஃபெத்தே ஊர் என்பது சில வீடுகள், ஒரு சாப்பாட்டுக் கடை. ஆட்டுக்கறிக் குழம்பும், தோலோடு உப்பில் வேகவைத்துச் சுருங்கிய உருளைக்கிழங்கும் நன்றாக இருந்தன. மலைச்சரிவில் தனியாக, ஒரு மூலையில் உருண்டைக் கோபுரத்தோடு நிற்கும் வீடு குஸ்தாவ் விண்டர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கட்டியது. இரண்டாம் உலகப் போர், நீர்மூழ்கிக் கப்பல், சுரங்கம் என்று அந்த வீட்டைச் சுற்றி நிறைய கதைகள், எதற்கும் சான்று கிடையாது. எனக்கு அதைவிட மனசில் நின்றது மணலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டம்தான். தாழ்வான சுவர், உள்ளே கல் அடுக்கிய மேடுகள், சில சிலுவைகள், காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணல். இந்த மலைக்குப் பின்னால் ஆடு மேய்த்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் கடைசியிலும் மலையைத் தாண்டவில்லை. அலைச்சத்தம் அங்கே படுத்திருப்பவர்களுக்குக் கேட்கும் தூரம்.

அப்புறம் கடல். மணலில் இறங்கும் இடத்திலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணன் நல்ல நீச்சல்காரன், பலகையைப் படித்துவிட்டும் சட்டையைக் கழற்றினான். நான் அதற்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வரும் வரை போய் நின்று பார்த்தேன். அலை வந்தபோது ஒன்றும் இல்லை. திரும்பியபோதுதான் தெரிந்தது: குதிகாலுக்கு அடியில் இருந்த மணல் சர்ரென்று உருவிக்கொண்டு போகிறது, கட்டைவிரலால் பிடிமானம் தேடுகிறேன், அடுத்த மூச்சில் நான் நின்ற இடத்தைவிட ஓர் அடி கடல் பக்கம் இருக்கிறேன். முழங்கால்கூட நனையவில்லை! வடக்கே தடுக்க எதுவும் இல்லாத அட்லாண்டிக், எங்கோ அடித்த புயலின் அலைகூட நேராக இங்கே வந்து மோதும். கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடி, ஓரிடத்தில் சேர்ந்து வாய்க்கால் போல உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், அங்கே இறங்கலாம் என்றுதான் தோன்றும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், இது எந்தக் கடலுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே ஏதாவது நடந்தால் உதவி அந்த 20 கிலோமீட்டர் மண் ரோட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். தயவுசெய்து இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களிடம்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அண்ணனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்க வைத்தேன். ஒரு அலை, இரண்டு அலை. எதுவும் பேசாமல் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பிறகு மூன்று பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் இரண்டு மணி நேரம் நடந்தோம், எதிரே வந்தவர்கள் நான்கைந்து பேர்தான்.

இந்த மணலில் 2006 முதல் சில ஆண்டுகள் கேப் வெர்டே தீவுகளிலிருந்து பெருந்தலைக் கடலாமை முட்டைகளைக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். பெண் ஆமை வளர்ந்த பிறகு பிறந்த கரையைத் தேடியே முட்டையிட வரும் என்பதால், இங்கே மறுபடியும் ஆமைகள் வரட்டும் என்று. முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சுகளை மோரோ ஹாப்லேயில் வைத்து வளர்த்துத்தான் கடலில் விட்டார்கள். அவை முட்டையிடும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் பிடிக்கும். அண்ணி இதைக் கேட்டதிலிருந்து மணலைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

பஸ் கிளம்பும் முன் ஓட்டுநர் இருக்கை இருக்கையாக வந்து தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் இறங்கிப் போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தின் பக்கமிருந்து ஒரு பெரியவர் கேமராவோடு வேகமாக நடந்து வந்தார். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் அவருக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.