பெண்டில் மலையில் ஒரு நேர்த்திக்கடன்

சாருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டேன். பழநியில் முடி இறக்கிவிட்டுப் படியிறங்கும்போது நெஞ்சில் ஒரு நிறைவு வருமே, அதே நிறைவோடு இதை எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில் எனக்குப் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் சென்ற பிப்ரவரியில் காலமானார். அவர் ஒரு குவேக்கர்; மௌனமாக அமர்ந்து வழிபடும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பட்டம், பதவியைச் சொல்லி யாரையும் அழைப்பது அவர்கள் வழக்கமில்லை. தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார். எனக்கு நா எழவில்லை, கடைசிவரை ‘சார்’தான். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் முழங்கால் இனி ஏறாது. எனக்காக ஒருமுறை பெண்டில் மலைக்குப் போய்விட்டு வா” என்றார். குவேக்கர்களுக்கு நேர்த்திக்கடனும் கிடையாது, சத்தியம் செய்வதும் கிடையாது. ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரியும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்தவன் நான்.

குவேக்கர் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸ் 1652-இல் ஏறிய மலை அது. பல நாள் சரியான உணவும் நீரும் இல்லாமல், கடவுள் ஏவியதாக உணர்ந்து, செங்குத்தான சரிவில் தட்டுத்தடுமாறி ஏறினார். உச்சியில் நின்றபோது மேற்கே கடல் தெரிந்தது. எங்கெங்கே பெரும் மக்கள் கூட்டம் ஒன்றுசேரும் என்பதும் அங்கேதான் அவருக்குக் காட்டப்பட்டது. சில வாரங்களில், ஜூன் 13 அன்று, ஃபர்பேங்க் குன்றில் ஆயிரம் பேருக்கு மேல் திரண்டு நின்று அவர் பேச்சைக் கேட்டார்கள். குவேக்கர் இயக்கம் வேர்விட்டது அந்த வருடத்தில்தான்.

பேய், சூனியக்காரி வேடம் போடும் ஹாலோவீன் சமயமான அக்டோபர் கடைசி சனிக்கிழமையில் போனது என் தவறு. அடிவாரத்துக் கிராமமான பார்லியில் தேர்த்திருவிழாக் கூட்டம். எல்லாரும் சூனியக்காரிகளைத் தேடி வந்தவர்கள். 1612-இல் இந்த வட்டாரத்து ஏழை எளியவர்களைச் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டார்கள். இன்று அவர்கள் கூர்த்தொப்பி போட்ட பொம்மைகளாகிக் கடைகளில் தொங்குகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. கார் நிறுத்த ஒரு வயல்காரர் ஐந்து பவுண்டு கேட்டார். முன்னால் போன வண்டி இடம் பார்த்து நிற்பதற்குள் எனக்கு அது பத்தாகிவிட்டது. கோயில் வாசலில் செருப்பு வைக்கவும் பேரம் பேச வைப்பார்களே, அதே கதைதான். சார் முதல் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலக் குவேக்கர் கடைக்காரர்கள் பொருளுக்கு ஒரே விலைதான் சொல்வார்கள்; ஏமாளிக்கு ஒன்று, கெட்டிக்காரனுக்கு ஒன்று என்று சொல்வதைப் பொய்யாகக் கருதினார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குப் பொருள் வரும் என்ற நம்பிக்கையே அவர்களின் மூலதனம் என்பார்.

மலை 557 மீட்டர்தான். ஆனால் பெரிய சரிவில் பதித்திருக்கும் கற்படிகள் மூச்சை வாங்கிவிடுகின்றன. பாதியில் மழை, அதற்கு மேல் ஆளையே தள்ளும் காற்று. சார் கொடுத்த பழுப்புக் கம்பளிக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். 1998 ஜனவரியில் மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து நின்ற எனக்குத் தன் தோளிலிருந்து கழற்றித் தந்த கோட்டு. முதல் உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனேன். “இது கடன் இல்லை. அடுத்து நடுங்கிக்கொண்டு வருபவனுக்கு நீ ஏதாவது கொடு” என்றார். மறுவாரம் வகுப்பில் கென்னத் போல்டிங்கை நடத்தினார். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த குவேக்கர் பொருளாதார அறிஞர் அவர். பரிமாற்றத்தை மட்டும் எண்ணினால் போதாது, பதிலுக்கு எதுவும் வாங்காமல் ஒரு பக்கமாகவே போகும் கொடையும் பொருளாதாரம்தான் என்று வாதாடியவர். கோட்டு விவரம் தெரிந்த நான் மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

உச்சியில் மூடுபனி. கடல் தெரியவில்லை. அரைமணி நேரம் நின்றும் தெரியவில்லை. சற்றுக் கீழே, ஃபாக்ஸ் இறங்கும்போது தாகம் தீர்த்துக்கொண்ட ஊற்று இருக்கிறது. ஒரு சின்னச் செம்பில் தீர்த்தம் பிடித்தேன், தலையில் தெளித்துக்கொண்டேன், சாரின் பெயரைச் சொன்னேன். தரிசனம் கிடைக்காமல் திரும்புகிறோமே என்ற குறை மட்டும் மனதில் இருந்தது.

அந்தக் குறை மறுநாள் தீர்ந்தது. செட்பர் அருகே பிரிக்ஃபிளாட்ஸ் என்ற சிற்றூரில் 1675-இல் கட்டிய குவேக்கர் கூடம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், கருத்த மர பெஞ்சுகள், மாடிப்படி அடியில் மேய்ப்பர்களின் நாய்களுக்கு என்று ஒரு சின்ன அடைப்பு. சிலை இல்லை, பீடம் இல்லை, பூசாரி இல்லை. ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சாரின் மனைவியும் வந்திருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

முதலில் என் மனம் வயல்காரரின் பத்து பவுண்டையே சுற்றியது. பிறகு கவசம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அது தானாக நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து சொட்டும் மழைநீர், யாரோ ஒருவரின் மூச்சு, அவ்வளவுதான். வகுப்பில் கேள்வி கேட்டால் சார் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணைத் தாழ்த்தி அரை நிமிடம் பேசாமல் நிற்பார். மறந்துவிட்டார் என்று நாங்கள் நெளிவோம். அது மறதி இல்லை. இந்தக் கூடத்தில் எழுபது வருடம் அவர் பழகிய மௌனத்தைத்தான், எங்கள் அரைகுறைக் கேள்விகளுக்கும் தந்துகொண்டிருந்திருக்கிறார். ‘சும்மா இரு’ என்று முருகன் உபதேசித்ததை எத்தனை சொற்பொழிவில் கேட்டிருப்பேன்! அதன் உள்ளே ஒருமுறை உட்கார்ந்தது அன்றுதான். கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. சார், நீங்கள் கொடுத்தது கோட்டு மட்டுமா? படிப்பு, சோறு, இந்த நாட்டில் தலைநிமிர்ந்து நிற்கும் துணிவு, எல்லாம் உங்கள் கொடை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்தார். அந்தக் கையிலிருந்து அடுத்த கை, அப்படியே கூடம் முழுக்கக் கைகள். சாரின் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “கடல் தெரிந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அவருக்கும் ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை” என்றார்.

செம்புத் தீர்த்தம் இப்போது எங்கள் பூஜை அறையில், பழநிப் பஞ்சாமிர்தத்தின் பக்கத்தில் இருக்கிறது. வருகிற ஜூன் 13 அன்று ஃபர்பேங்க் குன்றுக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். அம்மாவும் கூட வருகிறார்.